ஏழாயிரத்து இருபத்துநாலு தலை

அந்தத் தியேட்டரில் எல்லோரும் அவரைத் தலையெண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் வைத்தது யார் என்று தெரியாது; வைத்தவன் சரியாகத்தான் வைத்தான். டிக்கெட் கொடுக்கிற புக்கிங் ரூமில் முப்பத்தொரு வருஷமாக உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமை புதுப் படம் வருகிறது என்றால், அதற்கு முந்தின புதன்கிழமை முதலாளி ஜன்னல் பக்கம் வந்து நின்று, "என்னய்யா, எத்தனை தலை?" என்பார். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளைக்கும் சேர்த்து இவர் ஒரு எண்ணைச் சொல்வார். அதை வைத்துத்தான் எந்தப் படத்துக்குப் பெரிய ஹால், எதற்கு நடு ஹால் என்று முதலாளி முடிவு பண்ணுவார்.

வசூலைப் பணமாகச் சொல்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. டிக்கெட் விலையை ஏற்றிவிட்டால் கூட்டம் குறைந்தாலும் வசூல் கொழுத்துத் தெரியும். பேப்பரில் போடுகிற வசூல் பாதி பொய், மீதி விளம்பரம். தலை அப்படி இல்லை. ஒரு சீட்டில் ஒரு தலைதான் உட்கார முடியும்.

எப்படிச் சொல்கிறார் என்று பல பேர் கேட்டிருக்கிறார்கள். அவர் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள். படம் எத்தனை மணிக்கு ஆரம்பம் என்று கேட்கிறவனை அவர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அவன் வந்தாலும் வருவான், வராமலும் போவான், சும்மா வாய் அரிப்புக்குக் கேட்கிறவன். படம் எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்கிறவன் வேறு. அவன் வீட்டில் பேசி முடித்துவிட்டு வந்திருக்கிறான். திரும்பிப் போக வண்டிக்குச் சொல்ல வேண்டும், பிள்ளை தூங்கிவிடுமா என்று பார்க்க வேண்டும், மாமியாருக்கு மாத்திரை கொடுக்கிற நேரம் தவறுமா என்று யோசிக்க வேண்டும். ஜன்னலிலோ போனிலோ அந்த ஒரு கேள்வி வந்தால், பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு கோடு போடுவார். புதன்கிழமை கோட்டை எண்ணிப் பதினொன்றால் பெருக்குவார். ஏன் பதினொன்று என்று அவருக்கே தெரியாது. பத்தால் பெருக்கினால் குறைந்தது, பன்னிரண்டால் பெருக்கினால் கூடியது, அவ்வளவுதான்.

இந்த வருஷம் கோடை லீவு ஆரம்பிக்கும்போது முதலாளியின் மாப்பிள்ளை தியேட்டருக்குள் வந்தார். படித்தவர், நல்ல துணி, எந்நேரமும் கையில் போன். முதலாளிக்கு ரத்தக் கொதிப்பு வந்து டாக்டர் படி ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டதால், மாடியில் இருந்த ஆபீஸ் மாப்பிள்ளை கைக்குப் போயிற்று. வந்த மூன்றாம் வாரம் ஒரு கணிப்புக் கம்பெனியைப் பிடித்தார். அவர்கள் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு, ஆன்லைனில் எந்தத் தியேட்டரில் எந்த சீட் எப்போது பச்சையிலிருந்து சிவப்பாக மாறுகிறது என்று பார்ப்பார்கள். பச்சை என்றால் காலி, சிவப்பு என்றால் விற்றது. புக்கிங் திறந்த முதல் நாள் சிவப்பானதை எண்ணி, எட்டால் பெருக்கி, முதல் மூன்று நாள் கூட்டம் இவ்வளவு, வசூல் இவ்வளவு என்று தியேட்டர் தியேட்டராகத் தாள் அனுப்புவார்கள். மாதம் இவ்வளவு என்று கட்டணம்.

எட்டால் பெருக்குகிறவனுக்குச் சம்பளம், பதினொன்றால் பெருக்குகிறவனுக்குப் பட்டப்பெயர் என்று தலையெண்ணி தன் மைத்துனனிடம் சொன்னார். மைத்துனன் அங்கேயே ஆப்பரேட்டர்; மூன்று ஹாலுக்கும் படம் ஓட்டுகிறவன்.

அந்த வெள்ளிக்கிழமை இரண்டு படம் வரவிருந்தது. ஒன்று போர்ப் படம். ஆயிரம் குதிரை, வாள், ரத்தம், பெரிய நடிகர். இன்னொன்று வீட்டை விட்டுத் தொலைந்துபோன ஒரு நாயைப் பற்றியது. யாருக்கும் தெரியாத ஆட்கள். பெரிய ஹாலில் அறுநூற்றுப் பன்னிரண்டு சீட், நடு ஹாலில் இருநூற்று எண்பது. புக்கிங் திறக்கும்போது போர்ப் படத்தைப் பெரிய ஹாலில்தான் போட்டிருந்தார்கள். அதை மாற்றுவதென்றால் புதன்கிழமை பன்னிரண்டு மணி வரைக்கும் மாற்றலாம். அதற்கு அப்புறம் விநியோகஸ்தருக்குக் கையெழுத்துப் போட்டால் இரண்டு வாரம் அசைக்க முடியாது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை கம்பெனி அனுப்பிய முதல் தாளோடு கீழே இறங்கி வந்தார். முதலாளியும் கூட இருந்தார். போர்ப் படத்துக்கு ஏழாயிரத்து இருபத்துநாலு பேர், நாய்ப் படத்துக்கு ஆயிரத்து இருநூறு. ஒரு நாளைக்கு நாலு ஷோ, மூன்று நாளைக்குப் பன்னிரண்டு. பெரிய ஹாலுக்கு ஏழாயிரத்து இருபத்துநாலு என்றால் ஏறக்குறைய பன்னிரண்டு ஷோவும் ஹவுஸ்ஃபுல்.

புதன்கிழமைக்கு ஒரு நாள் முன்னாலேயே தலையெண்ணி காலண்டர் தாளைத் திருப்பினார். போருக்கு இரண்டாயிரத்து அறுநூறு, நாய்க்கு ஐயாயிரம் என்றார்.

மாப்பிள்ளை சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. சின்னப் பிள்ளை கிறுக்கின படத்தைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி. அதுதான் தலையெண்ணிக்குத் தாங்கவில்லை. ஏதோ சொல்லிவிட்டார். மாப்பிள்ளையும் விடவில்லை. பேச்சு வளர்ந்து வளர்ந்து இப்படி முடிந்தது: போர்ப் படத்துக்கு ஞாயிறு ராத்திரி வரைக்கும் எத்தனை தலை என்று பார்ப்பது. இவர் எண் கிட்டத்தில் இருந்தால் கம்பெனிக்குக் கும்பிடு. கம்பெனி எண் கிட்டத்தில் இருந்தால் புக்கிங் ரூமை இடித்து பாப்கார்ன் கடையைப் பெரிதாக்குவது. டிக்கெட் எல்லாம் ஆன்லைனில். தலையெண்ணி கதவில் நின்று டிக்கெட் கிழிப்பது.

கதவு என்றால் எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். இவருக்கு இடது முட்டியில் தேய்மானம். டாக்டர் நடக்கலாம், நிற்கக் கூடாது என்று சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது. புக்கிங் ரூம் நாற்காலிதான் அவரை வேலையில் வைத்திருந்தது. முதலாளிக்கு அது தெரியும். "மாப்பிள்ளை சொல்றதுலயும் நியாயம் இருக்கில்ல" என்று சொல்லிவிட்டு அவர் மாத்திரை டப்பாவைத் திறந்தார். பொண்ணைக் கொடுத்த இடத்தில் வாயைத் திறக்க மாட்டார். மாத்திரைக்கு மட்டும்தான் திறப்பார்.

புதன்கிழமை காலை பத்தே முக்காலுக்கு புக்கிங் ரூம் போன் அடித்தது. கோடு போடலாம் என்று பென்சிலை எடுத்தார். கம்பெனியிலிருந்து ஒரு பெண். குரல் மரியாதையாக இருந்தது. மரியாதையான குரல் என்றாலே இவருக்குச் சந்தேகம்.

"ஐயா, உங்க பெரிய ஹால்ல பன்னிரண்டு ஷோவுலயும் கடைசி ரெண்டு வரிசை, புக்கிங் திறந்த முதல் நிமிஷத்துலயே முழுசா போயிருக்கு. பின்வரிசை சீக்கிரம் போறது சகஜம்தான். ஆனா பன்னிரண்டு ஷோவுலயும் அதே நாற்பத்துநாலு சீட்டுங்கறதுதான் எனக்குக் கொஞ்சம் உறுத்துது. உங்க ஊர்ல அந்த நடிகருக்கு ரசிகர் கூட்டம் ஏதாவது மொத்தமா எடுத்திருக்காங்களா?"

தலையெண்ணிக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது.

அந்தக் கடைசி இரண்டு வரிசையும் இரண்டு மாதமாக உடைந்து கிடக்கிறது. மேலே ஏசி ஒழுகி ஒழுகி, அடியில் இரும்பு துருப்பிடித்து, ஒரு நாள் ஒரு பருத்த மனுஷர் இடைவேளையில் சீட்டோடு பின்னால் சாய்ந்துவிட்டார். கேஸ் போடுவேன் என்று கத்தினார். அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பியது தலையெண்ணிதான். அதற்கு அப்புறம் அந்த நாற்பத்துநாலு சீட்டையும் விற்கக் கூடாது. கம்ப்யூட்டரில் பழுதான சீட்டுக்கு மஞ்சள் நிறம் இருக்கிறது. ஆனால் மஞ்சள் போட்டால் ஒவ்வொரு முறையும் காரணம் எழுதி மாப்பிள்ளையின் அனுமதி வாங்க வேண்டும். அந்தப் பட்டியல் லைசென்ஸ் ஆபீசுக்கும் போகும். இவர் ஒரு தடவை மாடிக்குப் போய்க் கேட்டார். மாப்பிள்ளை போனை விட்டுக் கண்ணை எடுக்காமல், ஏதாவது பண்ணிக்கோங்க பெரியவரே, இதுக்கெல்லாம் என்கிட்ட வராதீங்க என்றார். இவர் ஏதாவது பண்ணிக்கொண்டார். ஒவ்வொரு ஷோவுக்கும் புக்கிங் திறந்த உடனே நாற்பத்துநாலு சீட்டையும் ஓசி டிக்கெட்டாக அடித்துச் சிவப்பாக்கிவிடுவார். பன்னிரண்டு ஷோவுக்கு ஐநூற்று இருபத்தெட்டு. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு ஓசியும் தெரியாது, உடைசலும் தெரியாது. சிவப்புதான் தெரியும்.

ஐநூற்று இருபத்தெட்டை எட்டால் பெருக்கினால் நாலாயிரத்துச் சொச்சம். நாலாயிரம் ஆவியைக் கூட்டி வைத்துக்கொண்டு கம்பெனிக்காரன் ஏழாயிரம் என்கிறான்.

போனைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் ஹலோ, ஹலோ என்றது. ஆமாம்மா, ரசிகர் கூட்டம்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கம்பெனி எண் நாலாயிரம் தப்பும். மாப்பிள்ளை மூக்கறுபடுவார். நாற்காலி இவருடையது, ரிட்டையர் ஆகிற வரைக்கும், ஏன் சாகிற வரைக்கும். பொய்கூடச் சொல்ல வேண்டாம். தெரியலைம்மா என்றால் போதும்.

ஆனால் அப்படிச் சொன்னால் பன்னிரண்டு மணிக்குப் பெரிய ஹால் போருக்குப் போய்விடும். நாய்ப் படத்துக்கு வருகிற ஐயாயிரம் பேரில் பாதிக்கு மேல் பிள்ளைகள். நடு ஹால் நிரம்பினதும் ஜன்னலில் நின்று இல்லை, இல்லை, இல்லை என்று சொல்லப் போவது மாப்பிள்ளை இல்லை, இவர்தான். பக்கத்தில் அறுநூறு சீட் காலியாகக் கிடக்கும்போது வந்தவனைத் திருப்பி அனுப்புவது முப்பத்தொரு வருஷத்தில் அவர் செய்யாத வேலை. கம்பெனியே தன் தாளைத் திருத்திக்கொண்டால் மாப்பிள்ளை நம்புவார், ஹாலை மாற்றுவார், நாற்காலி போனாலும் படம் ஒழுங்காக ஓடும். இப்படி நினைத்தார். நல்லபடியாக நினைத்தது அந்த ஒரு தடவைதான், அதுவும் தப்பாகப் போயிற்று.

"ரசிகனும் இல்ல, ஒருத்தனும் இல்லம்மா. அது உடைஞ்ச சீட்டு. நான்தான் அடைச்சு வெச்சிருக்கேன். உன் கணக்குலருந்து ஐநூத்து இருபத்தெட்டைக் கழிச்சுடு."

அந்தப் பெண் எண்ணைத் திரும்பச் சொல்லிச் சரிபார்த்தது. அப்புறம் ரொம்ப நன்றி என்றது. திருத்தின தாள் எப்போது வரும் என்று கேட்டார். வியாழக்கிழமை சாயங்காலம் என்றது. இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்குள் வேண்டும் என்றார். அது தன் கையில் இல்லை, மேலே இரண்டு பேர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் தாள் வெளியே போகும் என்றது.

தலையெண்ணி போனை வைத்தார். மணி பதினொன்றாகப் பத்து நிமிஷம். ஜன்னலில் 'இதோ வருகிறேன்' பலகையை மாட்டிவிட்டு மாடிப்படி ஏறினார். இருபத்தாறு படி. பாதியில் முட்டி பிடித்துக்கொண்டது.

மாப்பிள்ளை விநியோகஸ்தரோடு போனில் இருந்தார். கையைக் காட்டி இருக்கச் சொன்னார். உட்காரச் சொல்லவில்லை, இருக்கச் சொன்னார். நாற்பது நிமிஷம் கழித்து போனை மூடியதும் தலையெண்ணி விஷயத்தைச் சொன்னார். சுற்றி வளைக்கத் தெரியாது அவருக்கு. உங்க கம்பெனிக் கணக்கு தப்பு, உடைஞ்ச சீட்டையெல்லாம் ஆளாக எண்ணியிருக்கிறார்கள், பெரிய ஹாலை நாய்க்குக் கொடுங்கள் என்று மூன்றே வாக்கியம்.

மாப்பிள்ளை நாற்காலியில் சாய்ந்தார்.

"உடைஞ்ச சீட் எத்தனை?"

"நாற்பத்துநாலு."

"அஞ்சாறுன்னுதானே சொன்னீங்க?"

"நான் எங்க சார் சொன்னேன். சொல்ல வந்தேன், நீங்க கேக்கல."

"பெரியவரே, நேத்து பந்தயம் பேசினோம். நேத்து இதைச் சொல்லல. இன்னிக்குத் தோக்கப் போறோம்னு தெரிஞ்சதும் சீட் உடைஞ்சிருக்கு, கணக்கு உடைஞ்சிருக்குன்னு வர்றீங்க. நாற்காலி மேல ஆசை இருக்கலாம். அதுக்காக இப்படியா?"

தலையெண்ணிக்குக் காது சூடாகிவிட்டது. நாற்காலியைத் தூக்கிக் கொடுக்க வந்தவனைப் பார்த்து நாற்காலி ஆசை என்கிறார். எழுந்து வாங்க, ஹாலுக்குப் போய்க் காட்டுகிறேன், நீங்களே உட்கார்ந்து பாருங்கள், விழுந்தால் நான் பொறுப்பில்லை என்றார். இந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். மாப்பிள்ளை முகம் மாறிவிட்டது. கம்பெனிக்கு போன் பண்ணிக் கேளுங்கள் என்றார் இவர். மாப்பிள்ளை பண்ணினார். அந்தப் பெண் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தது. பாட்டுப் பாடியது போன். பாட்டைக் கேட்டுக்கொண்டு மாப்பிள்ளை நாலு நிமிஷம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் வைத்துவிட்டு, விநியோகஸ்தரின் தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். பன்னிரண்டு மணியாக இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

கீழே முதலாளி காரில் ஏறிக்கொண்டிருந்தார். தலையெண்ணி நொண்டிக்கொண்டு ஓடிப் போய்ச் சொன்னார். முதலாளி எல்லாவற்றையும் கேட்டார். தலையை ஆட்டினார். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப் பாரேன்" என்றார். கார் போய்விட்டது.

படம் ஓட்டுகிற அறையில் மைத்துனன் டீ குடித்துக்கொண்டிருந்தான். நடந்ததைக் கேட்டுவிட்டு டம்ளரைக் கீழே வைத்தான்.

"மாமா, சும்மா இருக்க வேண்டியதுதானே, உங்களை யாரு பேசச் சொன்னது? தெரியலைன்னு ஒரு வார்த்தை. அதுக்கு என்ன வரியா கட்டணும்?"

"நாய்க்குப் பெரிய ஹால் கிடைக்கும்னு நினைச்சேன்டா."

"நாய்க்கும் கிடைக்கல, உங்களுக்கும் கிடைக்கல. குதிரைக்காரன் கால் மேல கால் போட்டு உட்காரப் போறான்."

வியாழக்கிழமை சாயங்காலம் திருத்தின தாள் வந்தது. போர்ப் படத்துக்கு இரண்டாயிரத்து எண்ணூறு. மாப்பிள்ளை அதை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார். நிலவரம் கொஞ்சம் மாறியிருக்கிறது, டேட்டா தன்னைத் தானே திருத்திக்கொள்ளும், அதுதான் அதன் அழகு என்றார். நேற்று இதைத்தானே சொன்னேன் என்று இவர் கேட்டதற்கு, நீங்கள் இரண்டாயிரத்து எண்ணூறு என்று சொல்லவில்லையே என்றார். பந்தயம் செவ்வாய்க்கிழமை எண்ணுக்குத்தானே என்றார் இவர். கடைசியாக வந்த எண்தான் கணக்கு, வேண்டுமென்றால் நீங்களும் மாற்றிக்கொள்ளலாம், இப்போதே சொல்லுங்கள் என்றார் மாப்பிள்ளை.

தாள் இவர் கண்ணெதிரில் இருந்தது. மாற்றியிருக்கலாம். செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் வேறு பதினாலு கோடு விழுந்திருந்தது. அதைச் சேர்த்தாலே இரண்டாயிரத்து எழுநூற்றைம்பது வரும். வாயில் வந்த எண்ணை விழுங்கிக்கொண்டார். அடுத்தவன் எண்ணைப் பார்த்துத் தன் எண்ணை மாற்றுகிறவன் கணக்கா போடுகிறான், காப்பி அடிக்கிறான்.

"நான் சொன்னா சொன்னதுதான் சார். இரண்டாயிரத்து அறுநூறு."

மாப்பிள்ளை அதைத் தேதி போட்டு எழுதிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பகல் ஷோவுக்கே நாய்ப் படத்துக்கு வரிசை வாசலைத் தாண்டி ரோட்டுக்குப் போயிற்று. ஆன்லைனில் வாங்கத் தெரியாதவர்கள், வாங்கப் பிடிக்காதவர்கள், ஐந்து பேருக்கு வந்து ஏழு பேராக நிற்கிறவர்கள், அண்ணன் பிள்ளைகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்த அத்தைகள். இருநூற்று எண்பது தீர்ந்ததும் ஹவுஸ்ஃபுல் பலகையை மாட்டினார். அதற்கு அப்புறமும் முகம் முகமாக ஜன்னலில் வந்தது. தரையில் உட்கார்ந்துகொள்கிறோம் என்றார் ஒருவர். மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று ஒரு அம்மா பத்து வயதுப் பெண்ணைக் காட்டினார். பக்கத்து ஹாலில் சீட் இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது, ஆனால் அதில் வெட்டுக் குத்து என்றார். ஒரு சின்னப் பெண் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நாய் கடைசியில் கிடைத்துவிடுமா, அதையாவது சொல்லுங்கள் என்றது. தெரியாது என்றார். உண்மையிலேயே தெரியாது, அவர் படம் பார்த்துப் பல வருஷம் ஆகிறது.

பெரிய ஹாலில் இருநூறு, இருநூற்று முப்பது பேர் அங்கங்கே விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வாள் மோதுகிற சத்தம் காலி சீட்டில் பட்டு எதிரொலித்தது. சனிக்கிழமையும் அதே கதை. ஞாயிற்றுக்கிழமை நாலாவது தடவையாக மாடிக்கு ஆள் அனுப்பி, ஒரே ஒரு ஷோவை மாற்றினால் என்ன என்று கேட்டார். ஒப்பந்தம் என்று பதில் வந்தது. தொண்டை கட்டிப் போய், சாயங்காலத்துக்கு மேல் கையை மட்டும் ஆட்டினார்.

அன்றைக்கு ராத்திரி வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தார். மனைவி வெந்நீரில் துணியை நனைத்து முட்டியில் ஒத்தடம் கொடுத்தாள். அந்தப் பெண் போன் பண்ணியபோதே முடிவு இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பீர்களா என்று கேட்டாள்.

"இருந்திருப்பேன்" என்றார்.

"நீங்களா" என்றாள் அவள். துணியைப் பிழிந்து மறுபடி வைத்தாள்.

திங்கட்கிழமை காலை கணக்கு வந்தது. போர்ப் படத்துக்கு மூன்று நாளில் இரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்திரண்டு தலை. ஓசி கழித்தது போக, சுத்தமான தலை. கம்பெனி முப்பத்தெட்டு தப்பு. இவர் நூற்று அறுபத்திரண்டு தப்பு.

நாய்ப் படத்துக்கு என்ன சொன்னார்கள் என்று தலையெண்ணி கேட்டார். ஆயிரத்து இருநூறு என்றார்கள், மூவாயிரத்து முந்நூற்று அறுபது வந்தது, ஹால் இருந்திருந்தால் ஐயாயிரம் தாண்டியிருக்கும், அதை யார் கணக்கில் எழுதுவது என்று அவரே பதிலும் சொன்னார். பந்தயம் போர்ப் படத்துக்குத்தான் என்றார் மாப்பிள்ளை. பிறகு போனில் வந்திருந்த கடிதத்தைப் படித்துக் காட்டினார். கம்பெனி எழுதியிருந்தது: உங்கள் புக்கிங் ரூம் பெரியவர் சரியான நேரத்தில் தந்த தகவலால்தான் எங்கள் கணிப்பு இவ்வளவு நெருங்கியது, அவருக்கு எங்கள் நன்றி.

மாப்பிள்ளை ஒரு நிமிஷம் இவரையே பார்த்தார். புதன்கிழமை நடந்தது ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகத்தில் ஏதோ வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது.

"அப்ப உங்க காலை நீங்களே வாரிவிட்டுக்கிட்டீங்க" என்றார்.

தலையெண்ணி புக்கிங் ரூம் சாவியை மேஜை மேல் வைத்தார். மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்க்கவில்லை. சீட்டையாவது பழுது பார்ப்பீர்களா என்று கேட்டார். பார்க்கலாம் என்றார் மாப்பிள்ளை. பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று இவருக்குத் தெரியும். அவரே ஜன்னலில் ஆயிரம் பேருக்குச் சொன்ன வார்த்தை.

புதன்கிழமை பகல் ஷோவுக்கு அவர் கதவில் நின்றார். நீலச் சட்டை கொடுத்திருந்தார்கள், ஒரு அளவு பெரியது. பின்னால் புக்கிங் ரூம் சுவரை இடிக்கிற சத்தம். நாய்ப் படத்துக்கு அன்றைக்கும் வரிசை இருந்தது. ஆன்லைனில் வாங்கி அச்சடித்துக் கொண்டுவருகிற டிக்கெட்டை வாங்கிப் பாதியாகக் கிழித்துப் பாதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். போனில் காட்டுகிறவர்களுக்குக் கிழிக்க ஒன்றும் இல்லை, தலையாட்ட வேண்டும். அரை மணி நேரத்தில் முட்டி சுருக்சுருக்கென்றது. உடம்பின் கனத்தை வலது காலுக்கு மாற்றிக்கொண்டார்.

மாப்பிள்ளை மாடியிலிருந்து இறங்கி வந்தார். கையில் போன், அதன் வாயைப் பொத்திப் பிடித்திருந்தார். கம்பெனிப் பெண் லைனில் இருக்கிறது, அடுத்த வெள்ளிக்கிழமை வருகிற படத்தைப் பற்றி உங்களிடம்தான் பேச வேண்டுமாம் என்றார். குரலில் பழைய சிரிப்பு இல்லை. இந்த மாதிரி விவரம் சொல்கிற ஆள் தியேட்டருக்கு ஒருவர் வேண்டும் என்று கேட்கிறார்கள், நமக்கும் கட்டணத்தில் குறைத்துக்கொள்வார்களாம் என்றும் சொன்னார்.

தலையெண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. வரிசையில் இன்னும் நாற்பது பேர் இருந்தார்கள். ஒவ்வொருவராகக் கிழித்து உள்ளே விட்டார். மாப்பிள்ளை போனைப் பொத்திக்கொண்டு சுவரோரம் நின்றார். ஒரு குடும்பம் அவரைக் காவலாள் என்று நினைத்துக் கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டது. அவர் கையைக் காட்டினார்.

கடைசி ஆள் உள்ளே போனதும் தலையெண்ணி போனை வாங்கினார். அந்தப் பெண் வணக்கம் சொல்லி, நலம் விசாரித்து, விஷயத்துக்கு வருவதற்குள் குறுக்கே பேசினார்.

"அம்மா, நான் நின்னுக்கிட்டு இருக்கேன். நின்னுக்கிட்டு என்னால கணக்குச் சொல்ல முடியாது. எனக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லு. எங்க ஆளுங்ககிட்ட நான் சொன்னா கேக்க மாட்டாங்க, நீ சொன்னா கேப்பாங்க."

போனை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, அடுத்த ஷோ வரிசைக்குக் கயிற்றை இழுத்துக் கட்டினார். மாப்பிள்ளை அவளிடம் ஆமாம், ஆமாம், கண்டிப்பாக என்று சொல்லிக்கொண்டே மாடி ஏறினார்.

கால் மணி நேரம் கழித்து பாப்கார்ன் கடையிலிருந்து ஒரு ஸ்டூல் வந்தது. முதுகு சாய இடம் இல்லை, ஒரு கால் குட்டை. கதவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள்.

தலையெண்ணி அதைப் பார்த்தார். நாற்காலி என்றுதான் சொன்னார், ஸ்டூல் என்று சொல்லவில்லை. காலால் சுவரோரம் தள்ளிவிட்டு, அடுத்த டிக்கெட்டுக்குக் கையை நீட்டினார்.